கச்சான் கேள்விகள்

கேள்வி: மாசி வரை போர்வை, பங்குனி பிறந்ததும் விசிறி. மட்டக்களப்பில் ஏன் இந்தச் சடுதி மாற்றம்?

பதில்: வாடைக்காற்று ஓய்வதுதான் காரணம். வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவது வடகீழ்ப் பருவக்காற்று. மட்டக்களப்புக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,650 மி.மீ. அதில் ஐந்தில் மூன்று பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சராசரிக் கணக்கில் டிசம்பருக்கு 400 மி.மீக்கு மேல், மார்ச்சுக்கு 80 அளவில், ஜூனுக்கு 25கூட வராது.

பெப்ரவரி கடைசியில் வாடை தளர, மேகம் கலைகிறது. சூரியனும் வடக்கே நகர்ந்து, ஏப்ரல் 9, 10 அளவில் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நண்பகலில் கல்லடிப் பாலத்தில் நிற்பவரின் நிழல் அவர் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

கேள்வி: தை போனதும் மழையும் போய்விடும் என்று நம்பலாமா?

பதில்: நம்பக்கூடாது. 2011 ஜனவரியில் வெள்ளத்தில் மூழ்கிய மாவட்டம், பெப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் மூழ்கியது. பெரும்போக நெல் அறுவடையை நெருங்கிய வேளை அது. பசிபிக்கில் லா நினா வலுத்திருந்த பருவமும் அதுவே. பஞ்சாங்கத்தோடு வானிலை அறிக்கையையும் பார்த்துவிட்டே கதிரில் கத்தி வைக்க வேண்டும்.

கேள்வி: வைகாசியில் மலைநாட்டில் மழை கொட்டுகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் உதடு வெடிக்கிறது?

பதில்: அந்த மழைதான் இந்த வெடிப்புக்கும் காரணம். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மி.மீயைத் தாண்டும். ஈரம் இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறுகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை கூடும். படுவான்கரை வயல்களைத் தாண்டி நம் முகத்தில் வந்து அறையும் கச்சான் இதுதான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீசும் ‘ஃபோன்’ காற்றும் இதே வழியில்தான் பிறக்கிறது.

கச்சான் ஓங்கிய நாளில் கடற்காற்று கரையேறத் திணறும். காலையில் கொடியில் போட்ட சாரம், தேநீர் குடித்து முடிப்பதற்குள் விறைத்து நிற்கும்.

கேள்வி: வெக்கை வந்தால் வாவி என்ன செய்யும்?

பதில்: உப்பேறும். 56 கி.மீ நீண்ட இந்த வாவி, மாரியில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் வரத்து குறைகிறது, கடல்நீர் உள்ளே ஏறுகிறது, வெயில் நீரை உறிஞ்சுகிறது. உப்பு மாறினால் மீனும் இறாலும் இடம் மாறும், அவற்றின் பின்னே வலையும் போகும்.

பாடும் மீன்களைக் கேட்கப் போகிறவர்களுக்கும் அலை அடங்கிய கோடை நிலவிரவுதான் தோது. 1859இல் வெளியான தமது நூலில் இந்த ஓசையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்டுக்கு, மீனவர்கள் மீனைக் காட்டவில்லை, ஊரியைத்தான் காட்டினார்கள்.

கேள்வி: கண்ணகி அம்மன் சடங்கு ஏன் வைகாசியில் வருகிறது?

பதில்: மதுரையை எரித்தவளின் சினத்தை ஆற்றுவதே குளிர்த்திச் சடங்கு. செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் அது நடக்கும் வேளை, வெக்கையும் வெக்கை நோய்களும் தலைதூக்கும் வேளை. அம்மனைக் குளிர்வித்தால் ஊரும் குளிரும் என்பது நம்பிக்கை.

கேள்வி: இந்த வெயிலால் யாருக்காவது இலாபம் உண்டா?

பதில்: மரமுந்திரிக்கு உண்டு. பூக்கும் காலத்தில் அதற்கு வறண்ட வானம் வேண்டும், மழை பிடித்தால் பூ கருகும். நெல் காயவைப்பவருக்கும் கருவாடு போடுபவருக்கும் வெயில்தான் சம்பளமில்லாத கூலியாள்.

கேள்வி: அப்படியானால் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு யாரை நோவது?

பதில்: மழையை நோக முடியாது. 1,650 மி.மீ சின்ன மழை அல்ல. பெய்வதில் பெரும்பங்கு மூன்று மாதத்தில் பெய்துவிடுகிறது, தேவையோ பன்னிரண்டு மாதத்துக்கு. உன்னிச்சைக்குளம் சிறுபோக வயலுக்கும் பாய வேண்டும், நகரத்துக் குழாய்க்கும் வர வேண்டும். ஊர்க் குளங்களில் சேறு ஏறினால் அந்தச் சுமையும் பெரிய குளத்தின் தலையில்தான் விழும்.

குளம் வற்றிக் கிடக்கும் ஆடி, ஆவணிதான் சேறு அள்ளவும் அணைக்கட்டு திருத்தவும் ஏற்ற காலம். ஐப்பசி மழை இறங்கிய பிறகு இயந்திரம் குளத்துக்குள் இறங்காது. ஆகவே கமக்கார அமைப்புகள் குளம் திருத்தும் கோரிக்கையைப் பங்குனியிலேயே பிரதேச செயலகத்தில் கொடுத்துவிடட்டும்.