குரோஷா ஊசியும் இடக்கைச் சுண்டுவிரலும்: கங்கைகொண்டான் திண்ணையை முன்வைத்து ஓர் ஆய்வு

குரோஷா ஊசியைப் பிடிப்பதில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. பென்சில் பிடிப்பதுபோல் பிடிப்பவர்கள் ஒரு கட்சி. கத்தியைப் பற்றுவதுபோல் மேலிருந்து பற்றுபவர்கள் மறு கட்சி. இரு தரப்பும் வலக்கையைப் பற்றியே வாதாடுகின்றன. அடிப்படைக் கோளாறு அங்கேதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஊசி வெறும் கூலியாள். முதலாளி இடக்கைச் சுண்டுவிரல்.

ஆய்வுக் களம் கங்கைகொண்டான். திருநெல்வேலிக்கு வடக்கே, முதலாம் இராசேந்திர சோழனின் விருதைப் பெயராகச் சுமக்கும் ஊர். அங்கே சிப்காட் தொழில் வளாகமும் புள்ளிமான் சரணாலயமும் இருக்கின்றன. மானுக்கும் இவ்வாய்வுக்கும் தொடர்பில்லை. சோழனுக்கு உண்டு. சோழர் காலம் தொட்டு இடங்கை, வலங்கை என்று அணி பிரிந்த சாதிகள் 19ஆம் நூற்றாண்டு வரை மல்லுக்கு நின்றன. அந்த வழக்கு ஓய்ந்துவிட்டது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். முதன்முதலாக ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்தவர் மடியைப் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முன்னோடிகள் நமக்கு உதவவில்லை. இதே மாவட்டத்து இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நூலை எந்த விரலில் சுற்றுவது என்பதில் அவர் மௌனம். இத்தனைக்கும் 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுத்தந்த மார்த்தா மால்ட்டின் மகள். இடையன்குடிப் பெண்களுக்கு அவரும் அதையே கற்றுத்தந்தவர். ஆனால் அது திண்டின்மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். அதில் கொக்கியே கிடையாது. அதையும் குரோஷாவையும் ஒன்றெனக் கொள்வோரை இவ்வாய்வு கண்டிக்கிறது, வன்மையாக.

இனி செய்முறை. சுருக்கு முடிச்சு ஊசியில் ஏறியாயிற்று. கண்டிலிருந்து வரும் நூல் இடக்கைச் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, நடு இரு விரல்களுக்கு அடியில் நுழைந்து, ஆள்காட்டி விரலின் மேலேறிப் போகிறது. ஆள்காட்டி நிமிர்ந்து நிற்க, கட்டைவிரலும் நடுவிரலும் முடிச்சின் வாலைப் பிடித்துக்கொள்கின்றன. ஊசி நூலுக்கு அடியில் புகுந்து, அதைக் கொக்கியில் மாட்டி, வாயைக் கீழே திருப்பிக்கொண்டு கண்ணி வழியாக வெளியே வருகிறது. ஒரு செயின். சிப்காட்டில் டயர் செய்ய எந்திரம் உண்டு. முழுக் குரோஷாப் பின்னலையும் கை போடுவதுபோலவே போட்டுத்தரும் எந்திரம் இன்னும் கடைக்கு வரவில்லை.

ஆனால் புதிதாகக் கற்பவர் இப்படிச் செய்வதில்லை. ஊசியை அசையாமல் நிறுத்திவிட்டு, நூலை எடுத்துவந்து அதன்மேல் சுற்றுகிறார். காரணம் அரிவாள்மணை என்று இவ்வாய்வு கருதுகிறது. அரிவாள் இருந்த இடத்தில் இருக்கும், கத்தரிக்காய்தான் அதனிடம் போகவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை, நூலையும் காயாகவே நடத்துகிறது. கத்தியால் காய் நறுக்கும் இளையவர்களும் இதையே செய்வதால் கோட்பாட்டில் சிறு ஓட்டை விழுகிறது. அதைப் பிற்கால ஆய்வாளர்கள் அடைக்கட்டும்.

அடுத்த தடை நெரிப்பு. கண்ணியை ஊசியின் தண்டில் தளர விடாமல், கொக்கிக்குப் பக்கத்து ஒடுங்கிய இடத்திலேயே வைத்து இறுக்கினால் மறு கண்ணிக்கு ஊசி நுழையாது. அப்போது திண்ணையிலிருந்து, கற்றுத்தரும் அத்தையின் குரல் வரும்: “ஏட்டி, எதுக்கு நூலு கழுத்தப் புடிச்சு நெரிக்க? அது என்ன கோழியா?” இழுவிசை பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை இவ்வாய்வாளர் கண்டதில்லை. சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து உல்லன் நூல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பருத்தி நூலில் தொடங்குவதே நெல்லைச் சீமைக்குப் பொருத்தம். தாமிரபரணியின் தலைமாட்டில், பாபநாசத்தில், அருவி நீரின் விசையில் ஹார்வி ஆலை பஞ்சை நூலாக்கிய சீமை இது; அந்த மரியாதையாவது வேண்டாமா?

விதிவிலக்கு, பூக்கட்டுபவர்கள். நாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி, பிச்சிப்பூவை இணை இணையாக வைத்து முடிச்சுப் போட்ட விரலுக்கு எவ்வளவு இறுக்கினால் காம்பு அறும் என்று தெரியும். அவர்களிடம் ஊசியைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் செயின் ஓடத் தொடங்கிவிடும். 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்த குழுவில் பூக்கட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, இடக்கைப் பழக்கக்காரர்கள். கற்றுத்தருபவர் பக்கத்தில் உட்காராமல் அவர் எதிரே உட்கார்ந்தால் போதும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் நேராகிவிடும். திண்ணையில் இதைச் சோதித்தபோது இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று முதல் வரிசையை ஒழுங்காக முடித்தது. அத்தை பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. “எல்லாஞ் சரிதான், இனி சோத்துக்கையால போடு” என்றார். பிள்ளை அடுத்த வரிசையைத் தொடங்கியிருந்தது.