செருப்புகளுக்கு ஃபுல் சிக்னல்

வீடு கட்டும்போது ஏசிக்கு பைப், இன்வெர்ட்டருக்கு பைப், காலிங் பெல்லுக்குக்கூடத் தனி பைப் சுவருக்குள் போய்விடும். லேன் வயர் என்று வாயெடுத்தால் மட்டும், "அதான் வைஃபை இருக்கே சார்" என்பார் எலெக்ட்ரீஷியன். குடிபுகுந்த பிறகு ஃபைபர் இழுக்க வரும் தம்பி, வயர் நுழைந்த ஜன்னலோரமே ரௌட்டரை மாட்டிவிட்டு, ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அது அநேகமாகச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும்.

பின்பக்க அறைக்குப் போக வேண்டிய அலை இரண்டு ஒன்பது அங்குலச் சுவர், ஓர் இரும்பு பீரோ, அதில் பதித்த ஆளுயரக் கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகக்காரர்தான். முதல் சுவரிலேயே மூச்சு வாங்கும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு, ப்ளூடூத், அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் முண்டியடிப்பதும் அதே சந்தில்தான்.

சரி, வயரே இழுப்போம் என்றால், கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட்டை முணுமுணுக்காமல் சுமக்கும். உள்ளே எட்டுக் கம்பி. "நாலு போதும் சார், நெட் வருது பாருங்க" என்று நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டால், 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டி 100-ஐத் தாண்டாமல் சிக்கனமாக வாழலாம்.

சுவரில் ஆணியடிக்கவே மனசு வராதவர்களுக்கு ரிப்பீட்டர் இருக்கிறது. அதைச் சிக்னல் செத்துக் கிடக்கும் அறையில்தான் மாட்டுவார்கள். போனில் கோடுகள் மொத்தமும் நிறைந்திருக்கும். வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.