பன்னீரும் பந்தியும்

என்ன மாப்ள, "இலைவழி உரமெல்லாம் ஏமாத்து வேலை, உளுந்துக்கு ஒரு சொட்டு அடிக்கமாட்டேன்"னு டீக்கடையில சபதம் போட்டியாமே? போன சம்பாவுக்கு அடியுரம் போடாம, "இலையே தின்னுக்கும், வேர் எதுக்கு மாமா?"ன்னு முதுகும் டேங்குமா திரிஞ்சவனும் நீதானே? கிடை போடவான்னு கேட்ட கீதாரியைக்கூடத் திருப்பி அனுப்பினியே!

அப்பவே கணக்குப் பாத்திருக்கணும். 200 லிட்டர் தண்ணியில 4 கிலோ யூரியா கரைச்சு ஏக்கர் முழுக்க அடிச்சா, தழைச்சத்து 2 கிலோகூடத் தேறாது. சம்பா நெல்லு 60 கிலோ கேக்கும். 30 தடவைக்கு மேல அடிக்கணும். அதுக்குள்ள நெல்லு சாயுதோ இல்லியோ, நீ சாஞ்சிருப்பே. கல்யாண வாசல்ல பன்னீர் தெளிச்சாங்களேன்னு பந்திக்குப் போகாம திரும்பி வர்ற ஆளு நீ!

உளுந்து சங்கதி வேற மாப்ள. அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில, மெழுகு பதத்துல, நின்ன நெல்லுக்குள்ளயே விதையை விசிறினோம். உழவு உண்டா, அடியுரம் உண்டா? பனியையும் மிச்ச ஈரத்தையும் நம்பி நிக்குது. காஞ்ச மண்ணு மேல உரத்தைத் தூவினா அது பாட்டுக்குக் கிடக்கும், வேருக்கு எப்படிப் போவும்? இப்ப பூவெடுக்குது. கேக்குறது கிடைக்கலேன்னா கோவிச்சுக்கிட்டு உதுத்துடும். பந்தியே போடாத வீடு இது, பன்னீரையும் நிறுத்தப் போறியா?

நானும் ஒரு மேதாவிதான். ஒரு வருஷம் அளவு எதுக்குன்னு அள்ளிப் போட்டு உச்சி வெயில்ல அடிச்சேன். தண்ணி காஞ்சு உப்பு இலையிலயே தங்கி, ஓரமெல்லாம் பீடி சுட்ட மாதிரி கருகிப்போச்சு. பக்கத்து வயக்காரரு என்ன நோவுன்னு கேட்டாரு. புது ரகம்னுட்டேன். மறு வருஷம் விதை கேட்டு வாசல்ல நிக்கிறாரு!

இன்னிக்கு ராத்திரியே ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை வாளியில ஊறப்போடு. காலையில கலக்காம தெளிவை மட்டும் இறுத்து வை. அதை 200 லிட்டராக்கி சாயங்காலம் வெயில் தாழ அடி. 15 நாள் கழிச்சு இன்னொரு தடவை. அடியில தங்குற மண்டியைக் கொட்டிடாதே, என் தென்னைக்கு ஆவும். வடிகட்டுறேன்னு உங்க அத்தை புடவையை மட்டும் தொடாதே. போன தடவை பழி என் தலையில விழுந்துச்சு.