கையெலி நியாயம்: வளர்ப்புச் சர்ப்பம் பாய்வது குறித்து ஒரு விசாரணை

மங்கிய வெளிச்சத்தில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று மயங்கி அலறுகிற மனிதனைப் பற்றி, கௌடபாதர் தமது மாண்டூக்ய காரிகையில் அந்தத் திருஷ்டாந்தத்தை எடுத்தாண்ட நாள்முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அத்வைதிகள் பாஷ்யமாகவும் டீகையாகவும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். மறுத்தவர்களும் சளைக்காமல் மறுத்தெழுதியிருக்கிறார்கள். இரு கட்சியார் நூல்களிலும் மயங்குகிறவன் மனிதன்தான். பாம்போ, இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றி, விளக்கு வந்ததும் மறைந்துவிடும் பொய்த்தோற்றம். மெய்யாகவே இருக்கிற பாம்பு ஒன்று மயங்கினால் அது எதை எதுவென்று மயங்கும், அம்மயக்கம் தீர யார் விளக்கேற்றுவது என்கிற வினா அப்படியே கிடக்கிறது. வேதாந்திகளில் எவரும் பாம்பு வளர்த்தவரல்லர் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அக்குறையை நிவர்த்திக்கும் வாய்ப்பு மலேசியாவின் பகாங் மாநிலத்துத் தானா ராத்தாவுக்குக் கிட்டியிருக்கிறது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்துபோனதால் கேமரன் மலை என்று பெயர்பெற்ற இப்பிரதேசத்தில், 1929இல் ரஸ்ஸல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது தொட்டுக் கொழுந்து பறித்துவந்த நம்மவரின் சந்ததி ஒன்றில், வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட ஒரு பாட்டியின் பேரன், மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட ராஜ மலைப்பாம்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறான். நாலடிக்கு மிகாத, விஷமற்ற ஜீவன். பாதுகாக்கப்பட்ட வனவிலங்கை உரிமமின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தந்த உரிமக் காகிதம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது; இரண்டில் எது காப்பாற்றும் என்பதில் பாட்டிக்கும் பேரனுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. பேரன் கையை நீட்டும்போதெல்லாம் பாம்பு பாய்கிறது என்பதே விசாரணைக்குரிய பொருள்.

விசாரணையின் எல்லையை முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும். இம்மலையின் மேகம் படிந்த காட்டில் வாழும் பச்சை விரியன், 2004இல்தான் தனி இனமென்று விலங்கியலார் ஒப்புக்கொண்டு, மூடுபனியைக் குறிக்கும் லத்தீன் பெயரைச் சூட்டிய அவ்வினம், நமது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. நாகமும் அப்படியே. இதில் பரிகாசத்துக்கு இடமில்லை: பாம்பு பிடிப்பதில் சக தீயணைப்பு வீரர்களுக்கே பயிற்சி அளித்தவரும், நாகங்களோடு பழகுவதில் உலகப் பிரசித்தி பெற்றவருமான தெமெர்லோ நிலையத்து அபு சாரின் ஹுசேன், இதே பகாங்கில் நாகமொன்றைப் பிடிக்கப் போன இடத்தில் தீண்டப்பட்டு 2018 மார்ச் மாதம் இறந்துபோனார். விஷமுள்ளதன் முன்னிலையில் தர்க்கம் செல்லாது. இனி வருவனவெல்லாம் விஷமற்றதற்கு மட்டுமே உரியவை.

இந்தப் பாம்பு ஏன் பாய்கிறது என்பதற்குப் பேரனின் நண்பர்கள் கூறிய காரணங்கள், அது கெட்ட ஜாதி என்பதும், கோபக்காரன் கையில் வளர்ந்தது என்பதும், அமாவாசை என்பதுமாகப் பலவகைப்பட்டன. அவற்றையெல்லாம் பூர்வபட்சமாக ஒதுக்கிவிட்டு, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி அருளிய சூத்திரத்தையே சித்தாந்தமாகக் கொள்கிறோம்: “ஏன்டா தம்பி, எலியத் தொட்ட கையோட அந்தப் பூச்சிகிட்டப் போனா, அது உன்னய என்னான்னு நெனைக்கும்?”

இதற்கு உரை எழுதுவது எளிதன்று. ராஜ மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உள்ளன. இரட்டை நாக்கு வாசனைத் துகள்களை அள்ளி மேலண்ணத்து உறுப்பில் சேர்க்கிறது. கண்ணைவிட இவ்விரண்டையே அது பிரமாணமாகக் கொள்கிறது. கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலிருக்கும் தானா ராத்தாவில் இரவுக் குளிர் 15 பாகைக்கு அருகில் இறங்கும். அந்தச் சில்லிட்ட அறையைப் பின்புலமாகக் கொண்டு, வெதுவெதுப்பாகவும் எலி வாசனையோடும், ஐந்து விரல்களை நெளித்துக்கொண்டு ஒன்று உள்ளே நுழையுமானால், அது எலியல்ல என்று முடிவு செய்யும் பாம்பைத்தான் நாம் மூடப்பாம்பு என்று சொல்ல வேண்டும். தவிரவும், வாரமொருமுறை பெட்டி மூடி திறந்தபோதெல்லாம் எலியே வந்திருக்கிறது. புகை கண்ட இடத்தில் நெருப்பை அனுமானிக்கும் நையாயிகன் எவனும் மூடி திறந்த இடத்தில் எலியை அனுமானிக்கும் பாம்பின் வியாப்தியில் பிழை காண முடியாது. கயிற்றில் பாம்பைக் காணும் மனிதன் பயத்தால் மயங்குகிறான்; கையில் எலியைக் காணும் பாம்போ தர்க்க சுத்தமாக மயங்குகிறது. இதைக் கையெலி நியாயம் என்று வழங்குவோமாக.

மயக்கம் தெரிந்தபின் உபதேசம் சுலபம். எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது சுத்திகரணம். அடுத்து தீட்சை: முனை வளைந்த கொக்கிக் கம்பியால் பாம்பின் நடு உடம்பை மெல்லத் தொட்டுச் சற்றே நகர்த்துவது. உணவு தன்னைக் கம்பியால் தொடுவதில்லை என்ற புதிய வியாப்தி சில வாரங்களில் அதன் சித்தத்தில் பதிந்துவிடும். மேலிருந்து தலைக்கு நேரே கையை இறக்கக் கூடாது. கழுகுக்குப் பயந்து பல கோடி ஆண்டு வாழ்ந்த வம்சம் அது. பக்கவாட்டில் நெருங்கி, நடு உடம்பைத் தாங்கித் தூக்குவதே மரியாதை. இரைதேடும் ராத்திரி வேளையிலும், இரை விழுங்கி இரண்டு நாள் ஆகுமுன்னும், சட்டை உரிக்கும் தறுவாயில் கண் பால்போல் மங்கியிருக்கும்போதும் தொடாதிருத்தல் நலம்.

ஆட்சேபம்: மயக்கமே இல்லாமல் பாய்கிற பாம்பும் உண்டே? உண்டு. கழுத்தை வளைத்துப் பின்னிழுத்துச் சீறிவிட்டுப் பாய்கிற பாம்பு கையைக் கையென்று அறிந்தே வெறுக்கிறது. அச்சம் வந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதே இவ்வினத்தின் இயல்பாகையால், எதிர்த்துப் பாய்வதென்றால் ஒளிந்துகொள்ளப் பொந்து இல்லை, அல்லது குளிர்கிறது, அல்லது வந்து சில நாளே ஆகியிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் ஒரு மூலையில் 31, 32 பாகைச் சூடு இதற்குத் தேவை. தானா ராத்தாவில் மின்சாரம் நின்றுபோன இரவில் அது கிடைக்காது. கொக்கியால் இதற்குப் பயனில்லை. பொந்தும் சூடும் தந்து சும்மா விட்டுவிட வேண்டும்.

பாய்ச்சலைக் கண்டபின் கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நம்பும் வீரர்களுக்கு ஒரு செய்தி. விரியன்களைப் போலவே விஷமற்ற சாரைக் குலத்துப் பாம்புகளும் பத்தில் ஒரு விநாடிக்குள் பாய்ந்து முடித்துவிடுவதை 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இமை கொட்டும் நேரம் அதைவிட நீளம். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், கவ்வியபின் கையை வெடுக்கென்று இழுப்பவனுக்கே காயம் அதிகம். அசையாதிருந்து குளிர்ந்த நீரைத் தலைமேல் விட்டால் தன் தவற்றை உணர்ந்து விட்டுவிடும். பிறகு சோப்பும் தண்ணீரும், ஆழமாகப் பதிந்திருந்தால் மருத்துவமனையும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பாட்டி, இத்தனை பாடுபடுவதற்கு ஒரு பூனையை வளர்த்தால் என்ன என்று கேட்டார். பேரனுக்குப் பதில் தோன்றவில்லை, ஆராய்ச்சியாளனுக்குத் தோன்றியது. பாம்பு கையை எலியென்று மயங்கித்தான் கடிக்கிறது, ஆகவே அதற்கு உபதேசம் செய்யலாம். பூனையோ கையென்று நன்கறிந்து, யாருடைய கையென்பதையும் அறிந்து, அதற்குப் பின்னரே பிறாண்டுகிறது.