மூலைப் பாசி: ஒளிப்படவியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

குளத்துப் பாசியைச் செல்போனில் படமெடுப்பது வேலையற்றவர் வேலை என்பார் உளர். அது வரலாறு அறியாதார் கூற்று. ஒளிப்படங்களால் ஆன உலகின் முதல் நூலை 1843இல் வெளியிடத் தொடங்கிய அன்னா அட்கின்ஸ் அதற்குத் தேர்ந்த பொருள் பிரிட்டிஷ் பாசிகள். ஆகவே ஒளிப்படக்கலை பாசிக்கென்றே பிறந்தது. கல்யாண ஆல்பமும் கட்சிக்காரர் பிளெக்ஸும் பிற்கால இடைச்செருகல்கள். அற்றேல், அவ்வம்மையார் கேமராவைத் தொடவே இல்லையே, ரசாயனத் தாளில் பாசியைப் பரப்பி வெயிலில் அல்லவா வைத்தார் எனின், அது நம் கட்சிக்கே வலு: கேமராவுக்குக்கூடக் காத்திராமல் பாசி படத்துக்கு வந்துவிட்டது.

திருமலைக் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. எனவே யாத்திரிகரின் படமெடுக்கும் வேட்கை முழுதும் குளக்கரைகளில் இறங்குகிறது. அவ்வாறு பிறக்கும் பாசிப் படங்கள் மூவகை. செல்ஃபிக்குப் பின்னால் விழுவது தற்செயற்பாசி. கோபுரநிழலை மறைப்பது இடையூற்றுப்பாசி. மூன்றாவதான மூலைப்பாசியே ஆய்வுக்குரியது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி தன் செல்லுக்குள் காற்று நுண்ணறைகள் வைத்திருப்பதால் மிதந்தெழும். காற்று தள்ளும் கரையில் ஒதுங்கும். தென்மேற்குக் காற்றில் அது சேருமிடம் ஈசானிய மூலை. இதை ஈசானியத்தின் மகிமை என வாஸ்து நூலார் கொள்வர். ஐப்பசியில் வாடை திரும்பியதும் அதே பாசி கன்னிமூலைக்குக் குடிபெயர்வது ஏன் எனின், பரிகாரம் சொல்வர், விளக்கம் சொல்லார். பெயர் வெளியிட விரும்பாத பேரறிஞர் ஒருவர், தாம் எழுதாத நூலின் அச்சேறாத மூன்றாம் தொகுதியில், கரையான் தின்ற பக்கத்து அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில் இம்மகிமையை ஐயமற மறுத்துள்ளார். அதே பக்கத்தை ஆதாரம் காட்டி அவர் மாணாக்கர் ஐயமற நிறுவியுள்ளார். இருவரும் முனைவரே.

குளம் பச்சை, அதில் ஆராய என்ன உண்டு எனின், அதுவும் பொருந்தாது. யூக்ளினா சாங்குவினியா படர்ந்த குளம் உச்சிவெயிலில் சிவக்கும். பொழுது சாயப் பச்சையாகும். நண்பகலில் எடுத்தவரும் அந்தியில் எடுத்தவரும் ஆயுள் முழுதும் ஒருவரையொருவர் மறுத்து நூல் எழுதலாம். மாவட்டச் சிக்கல் வேறு. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. அதற்கு முன் திருச்சானூரில் எடுத்த படம் சித்தூர் மாவட்டத்ததா, திருப்பதி மாவட்டத்ததா? சித்தூரிலேயே நின்றுவிட்ட காணிப்பாக்கத்துப் படத்துக்கு இவ்வழக்கு இல்லை.

ஆகவே மூலை, மாதம், வேளை மூன்றும் குறிக்காத பாசிப் படம் சான்றாகாது என்பது நம் துணிபு. இலத்தீன் பெயர் போதாதோ எனின், போதாது. அதைப் படத்தைப் பார்த்து இடவும் இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத்து டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளுக்கு 1959இல் 686 பக்கம் எழுதியது நுண்ணோக்கியை நம்பி. இன்றைய கருத்தரங்க மேடையில் அக்கருவி வேண்டுவதில்லை. ஒரு செல்போன் படமும், அதற்குப் பெயர் சூட்டுபவருக்கு ஒரு சால்வையும் போதும்.