ஆற்றுக்குப் பட்டா கிடையாது

சர்வீஸின் கடைசி நாலு வருஷம் நான் நில ஆர்ஜிதப் பிரிவில் கிளார்க். ஆற்றங்கரையில் பூங்காவுக்கு மூணு ஏக்கர் எடுக்கும் ஃபைல் என் மேஜையில்தான் இருந்தது. நான் ரிட்டயர் ஆனபோது நிலமும் அங்கேயே இருந்தது, ஃபைலும் அங்கேயே இருந்தது.

ஆனாலும் வாய் மட்டும் குறையவில்லை. ஆமதாபாத் மணிநகரில் இருக்கும் என் மச்சினன் சபர்மதி ரிவர்ஃப்ரன்ட்டைச் சுற்றிக்காட்டினான். ஆறு நிறையத் தண்ணீர். “ஆற்றை எப்படி வெச்சிருக்காங்க பாரு, நம்ம வைகையும் இருக்கே!” என்று பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன். “இது நர்மதைத் தண்ணி அத்தான், கால்வாயில வருது” என்றான். உங்களுக்கும் இப்படி ஒரு மச்சினன் இருப்பான். மீதி லெக்சரை வேர்க்கடலையோடு சேர்த்து மென்று விழுங்கினேன்.

சரி, நமக்குத் தெரிந்த சப்ஜெக்டுக்கு வருவோம் என்று ஆர்ஜிதத்தைப் பிடித்தேன். இரண்டு கரையிலும் பதினொன்றரை கிலோமீட்டர். பூங்கா, நடைபாதை, ரோடு என்று சுமார் 200 ஹெக்டேர். மூணு ஏக்கருக்கே ஒரு பெரியவர் எதிர்வீட்டு வேப்பமரத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேட்டு என்னை அழவைத்தார். “இதெல்லாம் யார் நிலம் மாப்ளே?” என்றேன். அவன் ஆற்றைக் காட்டினான்.

விஷயம் இதுதான். மாநகராட்சி 1997-ல் இதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தது. இடத்துக்கு இடம் அகலம் மாறிய ஆற்றைச் சீராக 263 மீட்டருக்குச் சுருக்கி, சுவர் எழுப்பி, ஒதுக்கிய பகுதியை மண் கொட்டி மேடாக்கியது. அதில் ஒரு பங்கை விற்றுச் செலவை ஈடுகட்டவும் திட்டம். ஆற்றுக்குப் பட்டா கிடையாது. ஆட்சேபணை மனு எழுதவும் தெரியாது. முப்பது வருஷ சர்வீஸில் இந்த யோசனை எனக்கு ஒருநாளும் வரவில்லை. இன்க்ரிமென்ட் கட் ஆனது நியாயம்தான்.

“அப்போ யாருக்கும் பாதிப்பில்லை, க்ளீன் கேஸ்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். மச்சினன் ஒரு மாதிரி பார்த்தான். கரையோரக் குடிசைகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஊரின் ஓரங்களுக்கு மாற்றினார்களாம். ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்ததாம். அவர்களிடமும் பட்டா இல்லை.

இதை நான் எப்படி மறந்தேன்? எங்கள் மூணு ஏக்கரிலும் நாலைந்து குடிசை உண்டு. ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று நோட்டில் டைப் அடித்தவனே நான்தான். ஒரு ‘க்’ விட்டுப்போயிற்று. அதிகாரி சிவப்பு மையில் சுழித்து ஃபைலைத் திருப்பி அனுப்பினார், அந்த ‘க்’குக்காக.