மைக் இல்லாத காலத்து ராஜபார்ட்

செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் முதலில் வந்து விழுவது, "பாவம், இருபத்தேழு வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாரு" என்பதுதான். அடுத்ததாக கே. பி. சுந்தராம்பாள் பெயர் வரும். அதோடு கதை முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சியது. அந்த மனிதர் செய்த வேலை என்ன என்று யாரும் சொல்வதில்லை.

1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தார், 1933 டிசம்பர் 2-ல் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் கழிந்திருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கங்காதர ஐயரின் பெரிய குடும்பத்தில் பிறந்த பிள்ளை, ஐந்தாறு வயதிலேயே அண்ணன்மார்களோடு சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவுக்குப் போய்விட்டார். இன்று அந்த வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, அழாமல் இருக்கிறானா என்று எட்டிப் பார்க்கிறோம். அன்று அதே வயதுப் பிள்ளை முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு, நடுச்சாமத்தில் தூக்கத்தை விரட்டிப் பாடினான்.

அன்றைய செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் ஊர். பிரானூர் தாண்டினால்தான் வெள்ளைக்காரன் சீமை. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லைக்கோடு மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்து எழுபது வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் அங்கே புரோட்டாவுக்கு வரிசையில் நிற்கும்போது, அது எந்த பார்டர் என்று கேட்பதில்லை. பாட்டுக்கும் கூத்துக்கும் அப்படி ஒரு எல்லை இங்கே என்றைக்கும் இருந்ததில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியது பக்கத்தில்தான். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் சென்னிகுளமும் தொலைவில் இல்லை. 1904-ல் கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் பிறந்தவர் கிட்டப்பா. 

நாடகக் கம்பெனி என்றால் இன்று பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது கஷ்டம். அது பள்ளிக்கூடம், ஹாஸ்டல், தொழிற்சாலை மூன்றும் சேர்ந்த இடம். வாத்தியார் பாடம் சொல்வார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். பிசகினால் அடி விழும். சங்கரதாஸ் சுவாமிகள் பெரிய புலவர். வள்ளி திருமணம், கோவலன் போன்ற நாடகங்களை எழுதி ஒரு தலைமுறைக்கே மேடைத் தமிழ் கற்றுக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவரிடம் பயின்றது பாக்கியம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கண்டம் காத்திருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வரும். குரல் உடையும். நேற்று வரை கூட்டத்தைக் கட்டிப்போட்ட பையன் இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். பலருக்குத் தொழில் அதோடு போயிற்று. கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டி, உச்ச ஸ்தாயி கைவிட்டுப் போகாமல் வளர்ந்தார். கன்னையா கம்பெனிக்குப் போய் தசாவதாரம் போன்ற நாடகங்களில் பெயர் வாங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

அந்த உச்ச ஸ்தாயியைத் தெய்வ வரம் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தொழில் சார்ந்த காரணமும் உண்டு. மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி ஆளுக்குக் கேட்டால்தான் பாட்டு. தாழ்ந்த சுருதியில் பாடினால் முன்வரிசையோடு நின்றுவிடும். இன்னொன்று, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று தர்க்கப் பாட்டுப் பாட வேண்டும். இருவருக்கும் ஆர்மோனியம் ஒன்றே, சுருதியும் ஒன்றே. பெண் குரல் நிற்கும் இடத்துக்கு ஆண் ஏறி வரவேண்டும், ஏறி வந்து விடிய விடிய அங்கேயே நிற்கவும் வேண்டும். கிட்டப்பாவுக்கு அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். தம்பியின் மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்த கை பக்கத்தில் இருந்தது.

நான் கிட்டப்பாவை முதலில் கேட்டது எங்கள் ஆச்சி வழியாகத்தான். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தெருவில் ஒரே ஒரு வீட்டில் கிராமபோன் இருந்ததாம். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, பிளேட்டை வைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம். பாதியில் சாவி தீர்ந்தால் குரல் இழுபட்டு அடித்தொண்டைக்கு இறங்கும். யாராவது ஓடிப்போய் சாவியைத் திருகினால் மறுபடி மேலே ஏறும். "கீழ போன கொரலு கிர்ருனு மேல ஏறும்லா, அதுக்காகவே சாவி தீரட்டும்னு காத்துக் கெடப்போம்ல" என்பாள். நாடகம் பார்க்கப் போனதையும் சொல்வாள். "ராத்திரி ஒக்காந்தா விடியத்தாம்ல எந்திரிப்போம்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் வரும் பெருமையே தனி.

அந்தத் தட்டுகளில் 'எவரனி' என்ற தியாகராஜ கீர்த்தனையை, தேவாமிருதவர்ஷிணி ராகத்தில், பிற்காலத்தில் நானும் கேட்டேன். சபாக்காரர்கள் நாடகப் பாட்டை ஒரு படி கீழே வைத்துப் பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு நாடக நடிகர் கீர்த்தனையை எடுத்துப் பாடுகிறார். பிருகாக்கள் மின்னல் வேகத்தில் உதிர்கின்றன. எழுத்துகள் சிதையவில்லை, மூச்சு வாங்கும் ஓசை எங்கும் துருத்தவில்லை. வேகத்தையும் தெளிவையும் இப்படிச் சேர்த்துப் பிடிக்கப் பல வருஷச் சாதகம் வேண்டும். மூன்றே நிமிஷத்தில் அந்த வருஷங்கள் அத்தனையும் கேட்கின்றன.

சுந்தராம்பாளை அவர் சந்தித்தது இலங்கையில், 1920-களின் நடுவில். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. ஒருவர் ஏறிய இடத்துக்கு இன்னொருவர் ஏறினார். 1924-லேயே கிட்டம்மாள் என்ற பெண்ணை மணந்திருந்த கிட்டப்பா, 1927-ல் சுந்தராம்பாளையும் மணந்தார். பிறந்த குழந்தை தங்கவில்லை, பிரிவு வந்தது. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்று அச்சிலேயே கிடைக்கின்றன. கிட்டப்பா போன பிறகு வெள்ளைச் சேலை உடுத்திய அந்த அம்மாள், 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேடமேற்று நடித்து ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். பிறகு மேலவை உறுப்பினர், 1953-ல் 'ஔவையார்' படத்தில் ஔவையார். கிட்டம்மாளின் கதையை யாரும் எழுதவில்லை. நான் அந்தப் பெண்ணையும் நினைக்கிறேன். இந்தக் காதல் கதையில் எல்லோரும் கண்ணீர் விடும்போது, அந்த வீட்டுக்குள்ளும் ஒரு இளம்பெண் விதவையானாள்.

முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வந்தது. கிட்டப்பா படத்தில் நடிக்கவே இல்லை. அவர் நடந்ததை, கை வீசியதை, பாட்டுக்கு நடுவே சிரித்ததை நாம் பார்க்க வழியில்லை. 'காயாத கானகத்தே' பாட்டை இன்று பலரும் 1945-ல் வந்த 'ஸ்ரீ வள்ளி' படத்து டி. ஆர். மகாலிங்கம் குரலில்தான் அறிவார்கள். அந்தக் குரல் நடந்த பாதை கிட்டப்பா போட்டது.

இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் கொடைகளில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. மைக் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். தொண்டையைக் கிழித்துக்கொண்டு யாரும் பாட வேண்டாம். பிள்ளைகள் கம்பெனிக்குப் போகாமல் பள்ளிக்கூடம் போவதிலும் நிம்மதி. பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலம் ஒரு குழந்தையின் உறக்கத்தையும் ஓர் இளைஞனின் உடம்பையும் விலையாக வாங்கியது.

நான் கேட்பது சின்னக் காரியம். ஆகஸ்ட் 25-ல் செங்கோட்டைப் பள்ளிக்கூடங்களில் அவருடைய தட்டு ஒன்றை முழுசாக ஒலிக்க விடுங்கள். மைக் இல்லாமல் இந்தக் குரல் எப்படிக் கடைசி வரிசைக்குப் போயிற்று என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களையே மைதானத்தில் நிற்க வைத்துப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். அற்பாயுசில் போனார் என்று இரங்குவது போதும். ஒரு முழு ஆயுளுக்கான உழைப்பை இருபத்தேழு வயதுக்குள் முடித்த தொழிலாளி அவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவரை அப்படித்தான் அறிய வேண்டும்.